ஊக்கியைத் தேடும் வேலை: பசுமை இரசாயனவியல் ஆய்வாளர் என்ன செய்கிறார், வன்னிக்கு அதில் என்ன இருக்கிறது

"இரசாயனம்" என்ற சொல் வன்னியில் இன்று கிட்டத்தட்ட வசவாகிவிட்டது. சந்தையில் கத்தரிக்காய் விற்பவர் "இது இரசாயனம் போடாதது" என்று சொல்லித்தான் விலையைக் கூட்டுகிறார். இப்படியான ஊரில் ஒரு பிள்ளை உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகம் போய், பிறகு "ஊக்கலும் பசுமை இரசாயனவியலும்" என்ற துறையில் ஆய்வு செய்யப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். பசுமை என்றால் இரசாயனம் இல்லாததுதானே, பிறகென்ன பசுமை இரசாயனவியல்? அடுத்தது, இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?

இரண்டும் நியாயமான கேள்விகள். முதற் கேள்விக்குப் பின்னால் 2021ஆம் ஆண்டின் அனுபவமும் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. இடையில் பட்ட பாட்டை வயல் செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "பசுமை" என்றால் இரசாயனத்தைக் கைவிடுவது என்ற எண்ணம் அப்போதுதான் பலர் மனதில் பதிந்தது. இந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவர் அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்துவதில்லை. எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதை அடியிலிருந்தே பார்ப்போம்.

## குளக்கட்டும் துருசும்

இரண்டு பொருள்கள் சேர்ந்து புதுப் பொருளாக மாறுவதை இரசாயனத் தாக்கம் என்கிறோம். பல தாக்கங்கள் நடக்க வேண்டியவைதான், ஆனாலும் தாமாக நடப்பதில்லை. இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்து நீர் வயலைவிட உயரத்தில் நிற்கிறது. கீழே இறங்க அதற்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. ஆனால் நடுவில் கட்டு இருக்கிறது. நீர் வயலுக்கு வர வேண்டுமென்றால் கட்டைத் தாண்டும் அளவுக்கு மட்டம் உயர வேண்டும், இல்லையென்றால் கட்டின் அடியில் நீரைத் திறந்துவிடும் ஒரு துருசு, அதாவது மதகு, இருக்க வேண்டும்.

அந்தக் கட்டின் உயரம்தான் உயர்தர வகுப்பில் படிக்கும் ஏவற்சக்தி. பொருளைச் சூடாக்குவது நீர்மட்டத்தை உயர்த்துவது போன்றது. ஊக்கி என்பது துருசு. தமிழ்நாட்டில் இதை வினையூக்கி என்பார்கள். இந்த ஒப்புமையிலிருந்தே ஊக்கியின் முக்கியமான இயல்புகளை எடுத்துவிடலாம்.

1. துருசு வழியாக எவ்வளவு நீர் போனாலும் துருசு செலவாகிவிடுவதில்லை. ஊக்கியும் அப்படித்தான். தாக்கத்தில் பங்கெடுக்கும், முடிவில் மீண்டும் பழைய நிலைக்கு வந்து அடுத்த மூலக்கூற்றுக்குத் தயாராகும்.

2. துருசைத் திறப்பதால் குளம் உயரத்துக்குப் போவதில்லை, வயல் பள்ளத்துக்கும் போவதில்லை. அதேபோல, ஊக்கி ஒரு தாக்கத்தின் சமநிலையை மாற்றாது. அங்கே போய்ச் சேரும் வேகத்தை மட்டும் மாற்றும். நடக்கவே முடியாத தாக்கத்தை எந்த ஊக்கியாலும் நடத்த முடியாது. "தண்ணீரில் மோட்டார் சைக்கிள் ஓடும், ஊக்கி கண்டுபிடித்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாததற்குக் காரணம் இதுதான்.

3. எந்த வாய்க்காலின் துருசைத் திறக்கிறோமோ அந்த வயலுக்குத்தான் நீர் போகும். ஒரே மூலப்பொருளிலிருந்து நான்கு விதமான விளைபொருள்கள் வரக்கூடிய இடத்தில், நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் விரைவாக்கும் ஊக்கி இருக்கும். இதைத் தேர்வுத்திறன் என்பார்கள். பசுமை இரசாயனவியலுக்கு வேகத்தைவிட இதுதான் பெரிது. வேண்டாத விளைபொருள் எல்லாம் கடைசியில் குப்பைதானே.

4. துருசில் வண்டலும் சல்வீனியாவும் அடைத்துக்கொள்ளும். ஊக்கியின் மேற்பரப்பிலும் கந்தகம் போன்ற பொருள்கள் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும். ஊக்கி நஞ்சூட்டப்பட்டது என்று சொல்வது இதைத்தான்.

இந்த நிகழ்வுக்கு 1835இல் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் பெர்சிலியஸ். வேகத்தோடு தொடர்புபடுத்தித் தெளிவாக வரையறுத்த ஒஸ்வால்டுக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடம்பில் இந்த வேலையைச் செய்பவை நொதியங்கள். வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் மருந்துக்கடையில் வாங்கிய ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றினால் நுரைத்துப் பொங்குவது, கிழங்கிலுள்ள ஒரு நொதியம் அதை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைப்பதால்தான்.

## யூரியா மூடைக்குள் இரண்டு ஊக்கிகள்

வன்னியில் ஊக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டால் வயற்கரையில் அடுக்கியிருக்கும் யூரியா மூடையைத்தான் முதலில் காட்ட வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் கொண்டுவர முடியாத பொருள்களில் யூரியாவும் ஒன்று. மூடையின் அருமையை அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது எப்படிப் பிறக்கிறது என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகியிருப்பதால் நெல்லுக்கு அது நேரடியாகப் பயன்படாது. அந்தப் பிணைப்பை உடைத்து ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்க வேண்டும். ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் 1909இல் இதை ஆய்வுகூடத்தில் செய்துகாட்டினார். அவர் பயன்படுத்திய ஊக்கி ஒஸ்மியம். வேலை செய்தது, ஆனால் உலகத்திலுள்ள ஒஸ்மியம் முழுவதையும் திரட்டினாலும் தொழிற்சாலைக்குக் காணாது.

அப்போதுதான் அல்வின் மிற்றாஷ் என்ற இரசாயனவியலாளரின் கையில் வேலை வந்தது. மலிவான ஊக்கியைத் தேடி, ஏறத்தாழ 2,500 பொருள்களை அவரது குழு ஆயிரக்கணக்கான பரிசோதனைகளில் சோதித்தது. கடைசியில் கிடைத்தது இரும்பு. தனி இரும்பும் அல்ல. சிறிதளவு அலுமினியம் ஒட்சைட்டும் பொற்றாசியமும் கலந்த இரும்பு. 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலை தொடங்கியது. இன்றும் அதே குடும்பத்து இரும்பு ஊக்கிதான் பெரும்பாலான அமோனியாத் தொழிற்சாலைகளில் இருக்கிறது. அந்த இரும்பின் மேற்பரப்பில் நைதரசன் எப்படிப் பிளந்து எப்படி ஐதரசனோடு சேர்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டிய கேர்ஹாட் ஏர்ட்லுக்கு 2007இல்தான் நோபல் கிடைத்தது. ஒரு நூற்றாண்டு ஓடிக்கொண்டிருக்கும் தொழிலின் உட்பொறியை விளங்கிக்கொள்ளவே அவ்வளவு காலம். ஊக்கல் ஆய்வு எவ்வளவு பொறுமை கேட்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனிக் கணக்குக்கு வருவோம். 50 கிலோ யூரியாவில் 46 வீதம், அதாவது 23 கிலோ, நைதரசன். அதைச் செய்ய ஏறத்தாழ 28 கிலோ அமோனியா வேண்டும். அதற்குள் 5 கிலோ ஐதரசன். அந்த ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. தாக்கம் நடப்பது 400 முதல் 500 பாகை செல்சியஸில், வளிமண்டல அமுக்கத்தைப் போல் 150, 200 மடங்கு அமுக்கத்தில். ஒரு தொன் அமோனியாவுக்கு ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஆக, அந்த 50 கிலோ மூடையின் பின்னால் மூடையின் எடைக்குக் குறையாத காபனீரொட்சைட்டு நிற்கிறது. அதில் ஒரு பகுதி யூரியாவுக்குள்ளேயே கட்டப்பட்டு, வயலில் அது உடையும்போதுதான் வெளியே வருகிறது.

யூரியாவை வயலில் உடைப்பது யார்? மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதியம். அதன் மையத்தில் இருப்பது நிக்கல். அதாவது மூடையின் கதை இரும்பு ஊக்கியில் தொடங்கி நிக்கல் நொதியத்தில் முடிகிறது. யூரியேஸ் மிக வேகமாக வேலை செய்தால் அமோனியா காற்றோடு போய்விடும். விவசாயி காசு கொடுத்து வாங்கிய நைதரசன் நெல்லுக்குப் போகாது. யூரியேஸைச் சற்று மந்தப்படுத்தும் பொருள்களை யூரியாவோடு கலந்து விற்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. இதுவும் ஊக்கல் ஆய்வின் பிள்ளைதான், துருசைத் திறப்பதற்குப் பதிலாகச் சற்று மூடுகிற வேலை.

இன்னொரு பக்கம், பயறும் உழுந்தும் விதைத்த மேட்டுநிலத்தில் வேர்முடிச்சுப் பற்றீரியாக்கள் இதே நைதரசனைச் சாதாரண வெப்பநிலையில், சாதாரண அமுக்கத்தில் அமோனியாவாக்குகின்றன. அவற்றின் நொதியத்தில் இரும்பும் மொலிப்டினமும் இருக்கின்றன. மண்ணுக்குள் சத்தமில்லாமல் நடப்பதை மனிதர் ஏன் 450 பாகையில் செய்ய வேண்டும் என்ற கேள்வியில்தான் உலகம் முழுவதும் பல ஆய்வாளர்களின் வாழ்நாள் போய்க்கொண்டிருக்கிறது.

பசளையை நிறுத்துவதும் தொடர்வதும் என்று இரண்டே வழிதான் இருப்பதுபோல 2021இல் பேசப்பட்டது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதே அமோனியாவைக் குறைந்த சக்தியில், குறைந்த கழிவில், சூரிய மின்சாரத்தால் நீரிலிருந்து பிரித்த ஐதரசனைக் கொண்டு செய்வது. பசுமை இரசாயனவியல் கேட்பது அதைத்தான்.

## பசுமையை எப்படி அளப்பது

1998இல் போல் அனஸ்தாஸ், ஜோன் வார்னர் இருவரும் பசுமை இரசாயனவியலின் 12 கொள்கைகளை எழுதினார்கள். பன்னிரண்டையும் இங்கே அடுக்க வேண்டியதில்லை. முதற் கொள்கை: கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட, உண்டாக்காமலே இருப்பது மேல். ஒன்பதாவது கொள்கை ஊக்கிகளைப் பற்றியது. ஊக்கி ஆய்வாளரும் பசுமை இரசாயனவியலாளரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதற்குக் காரணம் அந்த ஒன்பதுதான்.

இந்தத் துறையில் பசுமை என்பது எண்ணால் சொல்லப்பட வேண்டியது. இரண்டு அளவுகள் போதும்.

1. அணுச் சிக்கனம். 1991இல் பாரி ட்ரொஸ்ற் முன்வைத்தது. உள்ளே போட்ட அணுக்களில் எத்தனை வீதம் நமக்கு வேண்டிய பொருளில் வந்து சேர்ந்தது என்ற கணக்கு.

2. கழிவுக் காரணி. 1992இல் ரொஜர் ஷெல்டன் கொடுத்தது. ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பது. பெற்றோலிய சுத்திகரிப்பில் இது 0.1க்கும் குறைவு. மருந்துகளிலோ 25 முதல் 100க்கும் மேலே போகும் என்று ஷெல்டன் காட்டியபோது பலர் திடுக்கிட்டார்கள். புகை கக்கும் சுத்திகரிப்பு நிலையத்தைவிட, சுத்தமான வெள்ளை மாத்திரை கிலோவுக்குக் கிலோ அதிக கழிவை விட்டுவிட்டு வருகிறது.

மருந்துக்கடையில் நோவுக்கும் காய்ச்சலுக்கும் வாங்கும் இபுபுரோபன் இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். பழைய முறையில் ஆறு படிகள். உள்ளே போட்ட அணுக்களில் 40 வீதம்தான் மருந்தில் வந்தது, மீதி 60 வீதம் கழிவு. 1992இல் தொழிற்சாலைக்கு வந்த புதிய முறையில் மூன்றே படிகள். அணுச் சிக்கனம் 77 வீதம். உடன்விளையும் அசற்றிக் அமிலத்தையும் எடுத்துப் பயன்படுத்தினால் 99 வீதம். மூன்று படிகளிலும் ஊக்கிகள். அவற்றில் நிக்கலும் பல்லேடியமும் இருக்கின்றன. மாத்திரை மாறவில்லை, அதை எடுப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "இயற்கையிலிருந்து எடுத்தது" என்பது பசுமைக்குச் சான்றாகாது. ஒரு மூலிகைச் சாற்றை எடுக்க நூறு லீற்றர் எக்சேனை, பெற்றோலியத்திலிருந்து வரும் ஒரு கரைப்பானை, கொட்டினால் அது பசுமை இல்லை. மறுபக்கம், முழுக்க முழுக்க ஆய்வுகூடத்தில் பிறந்த ஒரு முறை தண்ணீரைக் கரைப்பானாக வைத்துக்கொண்டு, அறை வெப்பநிலையில், கழிவில்லாமல் நடந்தால் அது பசுமைதான்.

## ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது

ஒரு ஊக்கி ஆய்வாளரின் வேலையை மூன்று கேள்விகளில் அடக்கலாம். இந்த ஊக்கி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது? வேண்டியதை மட்டும் தருகிறதா? எத்தனை தரம் பயன்படுத்தலாம்? மூன்றாவது கேள்விதான் மனிதரை வாட்டும். முதற் சுற்றில் பிரமாதமாக வேலை செய்து ஐந்தாவது சுற்றில் படுத்துவிடும் ஊக்கிகள் ஏராளம்.

பிரெஞ்சு இரசாயனவியலாளர் சபாற்றியே, நிக்கல் ஊக்கி ஆய்வுக்காக 1912இல் நோபல் பெற்றவர், ஒரு நல்ல விதியை விட்டுச்சென்றார். ஊக்கி தாக்கியை, அதாவது மாற வேண்டிய பொருளை, இறுகப் பிடித்தால் அது விட்டுப் போகாது. தளர்ந்து பிடித்தால் ஒட்டவே ஒட்டாது. நடுவில் ஓரிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நாள்வேலை என்னவோ, உலோக உப்பைக் கரைப்பது, அதைச் சிலிக்கா போன்ற தாங்கியில் ஊறவிடுவது, உலர்த்துவது, உலையில் சுடுவது, தாக்கத்தில் போட்டுப் பார்ப்பது, என்ன வந்தது என்று கலவையைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பதிவுக் கருவியில் அளப்பது, குறிப்பேட்டில் எழுதுவது. பத்தில் எட்டு தரம் வராது. வராததையும் அதே ஒழுங்கோடு எழுதிவைக்கிற பழக்கம்தான் இந்தத் தொழிலின் முதல் தகுதி என்று சொல்வேன்.

## தொழிற்பாதை: எத்தனை வருடம், எந்த வழி

பெற்றோர் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது நீண்ட பாதை என்பது. உயர்தரத்திலிருந்து எண்ணினால், தன் சொந்த ஆய்வைத் தானே நடத்தும் நிலைக்கு வர முப்பது வயது தாண்டும்.

1. உயர்தரம். கணிதப் பிரிவிலும் உயிரியல் பிரிவிலும் இரசாயனவியல் உண்டு. மருத்துவமோ பொறியியலோ கிடைக்கவில்லை என்பதால் விஞ்ஞான பீடத்துக்குப் போவதைத் தோல்வியாக நினைக்கும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. இந்தத் துறைக்கு வாசலே அந்தப் பீடம்தான். வன்னியின் நான்கு மாவட்டங்களும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டுக்குள் வருகின்றன.

2. முதற்பட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் துறை இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. ஆய்வுக்குப் போக விரும்புபவர் மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தோடு நிற்காமல் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தை எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதைத்தான் கேட்கும். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவருக்கு இராஜகிரியவிலுள்ள இரசாயனவியல் நிறுவகம் நடத்தும் பட்டத்துக்கு இணையான பாடநெறி ஒரு நல்ல மாற்றுவழி. அதைப் பற்றித் தெரியாமல் நின்றுவிடுவது பெரிய இழப்பு.

3. கலாநிதிப் பட்டம். உள்நாட்டில் பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவனம் போன்ற இடங்கள். வெளிநாடு என்றால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: அமெரிக்காவில் இரசாயனவியல் கலாநிதி மாணவருக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் விலக்கப்பட்டு, கற்பித்தல் உதவியாளர் வேலைக்கு மாதக் கொடுப்பனவும் கிடைக்கும். காணியை விற்று அனுப்ப வேண்டிய படிப்பு அல்ல இது. ஐந்து வருடங்கள் எடுக்கும்.

4. அதற்குப் பிந்தைய ஆய்வு, இரண்டு மூன்று வருடங்கள். இந்தக் காலத்தில் சம்பளம் உண்டு, நிரந்தரம் இல்லை. திருமணம், வீட்டுப் பொறுப்பு எல்லாம் வந்து அழுத்தும் வயதும் இதுதான். பலர் பாதை மாறுவது இங்கேதான். அப்படி மாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. வேலை. பல்கலைக்கழகம் ஒன்று. மருந்துக் கம்பனிகளின் உற்பத்திமுறை ஆய்வு இன்னொன்று. ஊக்கி தெரிந்தவர்களை அங்கேயும் எடுப்பார்கள். சுத்திகரிப்பு நிலையங்கள், வண்ணப்பூச்சு, பல்பகுதியங்கள், வாகனப் புகைக்குழாயில் பிளாற்றினம், பல்லேடியம், ரோடியம் பூசிய ஊக்கி மாற்றிகள் செய்யும் கம்பனிகள் மற்றவை. இலங்கைக்குள் என்றால் சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், ஹோமாகமவிலுள்ள நானோ தொழில்நுட்ப நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், நீர்வழங்கல் மற்றும் சுற்றாடல் ஆய்வுகூடங்கள். இடங்கள் குறைவு என்பதை ஒளிக்கக் கூடாது.

ஒருவரின் பாதையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அகிரா சுசுக்கி 1930இல் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் முக்காவா என்ற சிறிய ஊரில் பிறந்தார். படித்தது அதே தீவிலுள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில். 1963இல் அமெரிக்காவின் பெர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போய், போரன் சேர்வைகளின் வல்லுநரான ஹேர்பட் பிரவுணிடம் இரண்டு வருடம் வேலை செய்தார். பிறகு திரும்பித் தன் தீவுக்கே வந்தார். அங்கே மியாவுராவோடு சேர்ந்து, பல்லேடியம் ஊக்கியால் இரண்டு காபன் துண்டுகளைப் போரன் வழியாக இணைக்கும் முறையை 1979இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். 2010இல் நோபல் பகிர்வு வந்தபோது அவருக்கு 80 வயது.

அந்தத் தாக்கம் வன்னிக்கும் வந்திருக்கிறது. கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லொசாட்டன் மாத்திரையைப் பெருமளவில் செய்யும் முறையில் சுசுக்கியின் இணைப்பு ஒரு முக்கிய படி. முல்லைத்தீவில் ஒரு அம்மம்மா காலையில் விழுங்கும் மாத்திரைக்குள் ஹொக்கைடோவில் ஒருவர் செய்த வேலை இருக்கிறது.

பல்லேடியம் விலை அதிகமாயிற்றே, வசதியில்லாத ஆய்வுகூடம் என்ன செய்யும்? பெஞ்சமின் லிஸ்ற், டேவிட் மக்மிலன் இருவரும் 2021இல் பெற்ற நோபல் இதற்கு ஒரு பதில். உலோகமே இல்லாமல், சிறிய கரிமச் சேர்வைகளால் ஊக்கலாம் என்று காட்டினார்கள். லிஸ்ற் எடுத்துக்கொண்டது புரோலின், நம் புரதங்களில் உள்ள சாதாரண அமினோ அமிலம். அது மலிவு, காற்றிலும் ஈரத்திலும் கெடாது.

## வன்னியிலேயே கிடக்கும் ஆய்வுக் கேள்விகள்

இந்தத் துறைக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் கடல் கடந்துதான் வர வேண்டும் என்பது சரியில்லை. நான்கை மட்டும் சொல்கிறேன்.

1. உமி. ஒரு தொன் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 200 கிலோ உமி. எரித்தால் 40 கிலோ வரை சாம்பல். சாம்பலில் 85 முதல் 95 வீதம் சிலிக்கா. ஊக்கி உலோகத்தைத் தாங்கி வைத்திருக்க இது அருமையான பொருள். உலகில் பல ஆய்வுக் குழுக்கள் இதில் வேலை செய்கின்றன. நுட்பம் சுடும் வெப்பநிலையில் இருக்கிறது. 600, 700 பாகையளவில் கட்டுப்படுத்திச் சுட்டால் நுண்துளைகள் நிறைந்த, பளிங்காகாத சிலிக்கா கிடைக்கும். அதிகம் சூடேறினால் பளிங்காகிவிடும். ஊக்கலுக்கும் உதவாது, தூசாகச் சுவாசித்தால் நுரையீரலுக்கும் கேடு. ஆலையடியில் குவித்து எரிக்கும் உமி இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது.

2. சிப்பி, மட்டி ஓடு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுட்ட அதே வேலைதான். 800, 900 பாகையில் சுட்டால் கல்சியம் ஒட்சைட்டு. பாவித்த தேங்காயெண்ணெயையும் மெதனோலையும் உயிர் டீசலாக மாற்ற இது திண்ம ஊக்கியாகப் பயன்படும். வழக்கமாகப் பயன்படுத்தும் எரிசோடா எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரத்தையும் உண்டாக்கி, பிறகு கழுவக் குடம் குடமாகத் தண்ணீர் கேட்கும். திண்ம ஊக்கியை வடித்தெடுத்து மறுபடி போடலாம். குறை இல்லாமல் இல்லை: சிறிதளவு கல்சியம் கரைந்துபோகும், ஓட்டைச் சுடும்போதே காபனீரொட்சைட்டு வெளியேறும். இந்தக் குறைகளைக் கணக்கில் எடுத்த பிறகும் இலாபமா என்பதைத்தான் ஆய்வாளர் சொல்ல வேண்டும். மெதனோல் கண்ணைப் பறிக்கும் நஞ்சு, எளிதில் தீப்பிடிப்பது. வீட்டில் முயன்று பார்க்கும் வேலை இல்லை.

3. கறுப்பு மணல். புல்மோட்டையிலிருந்து வடக்கே கொக்கிளாய்ப் பக்கம் வரை கடற்கரை மணலில் இல்மனைட்டு இருக்கிறது. இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கனியம். அதிலிருந்து வரும் தைத்தானியமீரொட்சைட்டு வெள்ளை நிறப்பூச்சு மட்டுமல்ல, ஒளியூக்கியும்கூட. ஒளிபட்டால் அது நீரைப் பிளக்க உதவும் என்று பியூஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் காட்டினார்கள். நீரிலுள்ள சாயங்களையும் சில பீடைகொல்லிகளையும் அது வெயிலில் உடைக்கும். ஆனால் அது பிடிப்பது ஊதா கடந்த ஒளியை மட்டும். வெயிலில் அது 5 வீதத்துக்குள். மீதி ஒளியையும் பிடிக்க வைப்பதுதான் ஆய்வு. இன்னொரு பக்கம், இல்மனைட்டைச் சல்பூரிக் அமிலத்தில் கரைக்கும் பழைய முறை ஏராளமான அமிலக் கழிவையும் இரும்புச் சல்பேற்றையும் விடுகிறது. மணல் அகழ்வைப் பற்றிய கரையோர மக்களின் கவலைக்குப் பசுமை இரசாயனவியல் பதிலாகாது. நிலத்தையும் கடலையும் பற்றிய முடிவு அங்கே வாழ்பவர்களுடையது. அந்த முடிவுக்கு முன் கேட்க வேண்டிய "கழிவு எவ்வளவு, எங்கே போகும்" என்ற கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்ல இந்தப் படிப்பு உதவும்.

4. பரந்தன். 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பை எடுத்துக் கரைத்து மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. போரில் நின்றுபோனது. பரந்தனில் மீண்டும் கைத்தொழில் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எழும்போது கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தாக்கத்தைச் செய்ய மூன்று வகைக் கலங்கள் உள்ளன: பாதரசம், இடைத்திரை, அயன்மென்சவ்வு. பாதரசக் கலங்களை 2025ஆம் ஆண்டோடு நிறுத்துவது பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் ஏற்பாடு. மென்சவ்வுக் கலத்தில் மின்சாரச் செலவும் குறைவு, பாதரசமும் இல்லை. அதன் மின்வாயில் உருத்தேனியம் ஒட்சைட்டுப் பூச்சு இருக்கும். அதுவும் ஒரு ஊக்கிதான்.

## திரும்பி வருவது

சுசுக்கி திரும்பி வந்தபோது ஹொக்கைடோவில் அவருக்கு ஒரு துறை இருந்தது, கருவி இருந்தது, மாணவர் இருந்தார்கள். வன்னியிலிருந்து போகும் பிள்ளை திரும்பி வர வேண்டும் என்று ஊர் எதிர்பார்ப்பது நியாயம். அந்தப் பிள்ளை திரும்பி வந்து எதில் வேலை செய்யும் என்பதையும் ஊர் கேட்க வேண்டும். ஊக்கியின் மேற்பரப்பை அளக்கும் கருவி, அதன் பளிங்கு அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்புவளைவுக் கருவி போன்றவை அருகில் இல்லையென்றால் மாதிரியைப் பொதிசெய்து தூரத்துக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு கருவியை ஒரு துறை தனக்கென்று பூட்டிவைக்காமல் பொறியியல், விவசாயம், விஞ்ஞானம் மூன்றும் பகிர்ந்துகொள்வது செலவில்லாத முதல் திருத்தம்.

அடுத்தது மின்சாரம். உமிச் சிலிக்காவில் உலோகத்தை ஊறவைத்த மாதிரியை உலையில் நிமிடத்துக்கு இரண்டு பாகை வீதம் மெல்ல ஏற்றி, 550 பாகையில் ஐந்தாறு மணி நேரம் வைக்க வேண்டும். நடுவில் மின் நின்று வெப்பம் இறங்கி மீண்டும் ஏறினால், உலோகத் துணிக்கைகள் எந்த அளவில் உருவாயின என்று சொல்ல முடியாது. அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு, உமியைக் கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.